மீனுக்குத் தண்ணீர் ஆற்றிய அத்தை

கல்யாணமாகிக் கோவைக்கு வந்த முதல் வருடம் எனக்குப் பேச்சுத் துணையே இல்லை. அப்பா மண்டபம் என்ற கடலோர ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்ததால் நான் கடற்கரையில் வளர்ந்தவள். பீளமேட்டு வீட்டில், கணவர் காலையில் மோட்டார் பம்ப் பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அவருடைய அம்மா, என் அத்தை, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், கணவர் கண்ணாடித் தொட்டி ஒன்றையும், அதன் தண்ணீரில் கலக்கக் கடல் உப்பையும், பாலிதீன் பையில் ஒரு மீனையும் கொண்டுவந்தார்.

"இந்தா அம்மணி, உங்கூர்க் கடல்ல புடிச்சதாமா."

விரல் நீளம்தான். கருத்த உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். கோமாளி மீன். பவளப்பாறையில் கடல் சாமந்தி என்று ஒரு உயிர் உண்டு. பார்க்கப் பூ மாதிரி இருக்கும். அதன் இதழ்கள் தேள்போலக் கொட்டினால் மற்ற மீன்கள் துடித்துப்போகும். கோமாளி மீனின் மேலிருக்கும் வழவழப்பு அதைக் காப்பதால், அந்த இதழ்களுக்குள்ளேயே அது குடியிருக்கும். எங்கள் தொட்டியில் சாமந்திக்கு எங்கே போவது? மீன் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. நைலான் கயிற்றுத் துண்டு ஒன்றைப் பிரித்து, இழை இழையாக ஒரு கல்லில் கட்டிப் போட்டேன். மூன்றாம் நாள் அதற்குள் புகுந்து உடம்பைத் தேய்த்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஊட்டுக்குள்ள மீனு எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டதோடு சரி, அத்தை அந்தப் பக்கமே வரவில்லை.

ஒரு முகூர்த்த நாளில் நானும் கணவரும் அவிநாசிக்குக் கல்யாணத்துக்குப் போனோம். திரும்பியபோது வீட்டில் கரண்ட் இல்லை. அத்தை முக்காலி போட்டுத் தொட்டியருகில் உட்கார்ந்து, டம்ளரில் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி மறுபடி தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். முந்தானை தோள்வரை நனைந்திருந்தது.

"காத்து மோட்டார் நின்னுபோச்சு கண்ணு. இது மேல வந்து வாயை வாயைத் தொறந்துச்சு. பாலை ஆத்தறாப்பல ஆத்தீட்டு இருக்கறேன். செரிதானே?"

"ரொம்பச் சரிங்க அத்தை. குடுங்க, நான் ஊத்தறேன்."

டம்ளரை வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்து போகவில்லை.

"இது ஆணா, பொண்ணா?" என்று கேட்டார்.

பிறக்கும்போது எல்லாமே ஆண்தான் என்றேன். கூட்டத்தில் பெரியது பெண்ணாகும்; அது செத்துப்போனால், ஜோடியாக இருந்த ஆண் பெண்ணாக மாறி அந்த இடத்தைப் பிடிக்கும். கேலி செய்வார் என்று நினைத்தேன். அத்தை மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாமனாரு செத்துப்போனப்ப உன்ற புருசனுக்கு நாலு வயசு. தண்ணி கட்டறது, சந்தைக்குப் போறது, வரப்புச் சண்டைக்கு நிக்கறது, எல்லாம் நாந்தான். ஆம்பளையாட்டமே ஆயிட்டேன். சிரிச்சுப் பேசறதெல்லாம் அப்பவே போயிருச்சு கண்ணு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊத்து, ஊத்து, அது மூச்சு முட்டுது பாரு," என்று அதட்டினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கரண்ட் வந்தது விளக்கேற்றும் நேரத்தில்தான். மீன் பிழைத்தது. அன்றிலிருந்து அதற்குத் தீனி போடுவது அத்தைதான். போட்டுக்கொண்டே என்னிடம் ஊர்க் கதையெல்லாம் சொல்வார்.

நாலைந்து வருடம் இருந்து மீன் செத்தது. கணவர் வேறொன்று வாங்கலாம் என்றார்.

"வேண்டாஞ்சாமி. அது அது எடத்துல, கடல்லயே இருக்கட்டும்," என்ற அத்தை, என்னிடம் தயங்கிச் சொன்னார்: "நான் கடலைப் பாத்ததே இல்ல கண்ணு."

அந்தக் கோடை விடுமுறையில் மண்டபம் கூட்டிப்போனேன். முழங்கால் நீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர், என் அப்பா வந்து சாப்பிடக் கூப்பிட்டும் கரையேறவில்லை.