மழை லீவுக்கு ரெண்டு மிஸ்டு கால்

என் மனைவி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது எங்கள் மகளுக்கு நாலரை வயது. யு.கே.ஜி. சேர்த்திருந்தோம். "ரெண்டு வருசம்தானே, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும்" என்று திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வைத்து எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்கள் ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கோ அதற்குப் பிறகு கண்ணை மூடவே நேரம் கிடைக்கவில்லை.

எனக்கு வள்ளியூரில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வீடு நாகர்கோவிலில். வடசேரி பஸ் ஸ்டாண்டில் எட்டு ஐந்து பஸ்ஸை விட்டால் அன்றைக்கு மேலாளர் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்குள் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, இட்லியை வாய்க்குள் தள்ளி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, பைக்கில் கொண்டுபோய்ப் பள்ளி கேட்டில் விட வேண்டும். ஏழே முக்காலுக்கே ஆயாம்மா கேட்டைத் திறந்துவிடுவார் என்பதால் பிழைத்தேன். பள்ளி விட்டால் பக்கத்திலேயே ஒரு டீச்சர் வீட்டில் டியூஷன். ஆறரைக்கு நான் போய்க் கூட்டி வருவேன்.

இந்த ரிப்பன் இருக்கிறதே, முதல் வாரம் பூராவும் பைக்கில் ஏறும் முன்பே அவிழ்ந்தது. பிறகு பார்த்தால், சாயங்காலம் வரை குலையாமல் அப்படியே பூ மாதிரி நிற்கிறது. பரவாயில்லையே, நமக்குக் கை பழகிவிட்டது என்று எனக்குப் பெரிய பெருமை. போனில் மனைவியிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

மதுரையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு மட்டும் நம்பிக்கையே இல்லை. அவளுடைய பையன்கள் இருவரும் வளர்ந்து காலேஜ் போய்விட்டார்கள், வீட்டில் இடம் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். "ஏலே, உன்னால முடியாதுலே. பிள்ளைய எங்கிட்ட விட்டிரு. இங்க நல்ல ஸ்கூல் இருக்கு." அவள் சொன்னதில் குற்றம் இல்லை, எல்லாம் பாசம்தான். எனக்குத்தான் முன்கோபம். மனைவி ஒரு கடலுக்கு அந்தப் பக்கம், பிள்ளை மதுரையில், நான் மட்டும் இந்த வாடகை வீட்டில் உட்கார்ந்து எதைச் செய்ய? ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டேன்.

"என் பிள்ளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் பாக்க ஆளில்லாம தெருவில நின்னாள்னு நீ கேள்விப்படு. அன்னைக்கு நானே பஸ் ஏத்திக் கொண்டுவந்து உன் வீட்டில விட்டிருதேன்."

"சத்தியமா?"

"சத்தியம்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எங்கள் குடும்பத்தில் என்னை அடிக்க ஆளில்லை. அக்கா அதைக் குவைத்துக்கும் சொல்லிவிட்டாள். "சத்தியம் எல்லாம் எதுக்கு செய்திய?" என்று மனைவி போனிலேயே அழுதாள். அழுகிறவளைத் தேற்றத் தெரியாமல் அவளிடமும் நான் கத்தினேன். எளவு, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பள்ளி கேட்டில் நாலு அம்மாமார் உண்டு. எப்போதும் சேர்ந்தே நிற்பார்கள். ஒருத்தி தையல்காரி, ஒருத்தி ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், ஒருத்தி இடுப்பில் கைப்பிள்ளையோடு வருபவள். நாலாவது ஆள் கடற்கரைக்காரி. கணவர் துபாயில் டிரைவர். மகன் படிப்புக்காகக் கடற்கரையை விட்டு வந்து பள்ளிக்கு எதிர்த்த தெருவில் வாடகைக்கு இருந்தாள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் 'ரகசியம்' சொன்னால் ரோட்டில் போகிற சைக்கிள்காரன் திரும்பிப் பார்ப்பான்.

ஜூன் மாதத்திலேயே ஒரு நாள் என் பைக்கை மறித்தாள். "அண்ணே, நாங்க நாலு பேரும் முறை வச்சிருக்கோம். திடீர்னு லீவு விட்டா, அன்னைக்கு யாருக்க முறையோ அவ வீட்டில எல்லாப் பிள்ளையளும் இருக்கும். மத்தவ வேலைக்குப் போலாம். நீங்களும் கூடுதியளா?"

"வேண்டாம்மா. நானே பாத்துக்கிடுவேன்" என்றேன்.

"செரி" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் நான் போய் முறை வாங்கிக்கொண்டு நிற்பதாவது என்று எனக்கு ஒரு வீம்பு. வீம்புக்கு விலை பிறகு தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. எங்கள் மாவட்டத்துக்கு மழை வருசத்தில் ரெண்டு தடவை வரும், ரெண்டு தடவையும் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பெய்தது. விடியற்காலை கரண்ட் இல்லை. டி.வி. ஓடவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சடை பின்னி, மஞ்சள் மழைக்கோட்டை மாட்டி, பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கினேன். கேட் பூட்டிக் கிடந்தது. மழையில்லையா, ஆயாம்மா வரக் கொஞ்சம் பிந்துகிறார் என்று நினைத்தேன். முந்தின நாள்தான் பஸ்ஸை விட்டுத் திட்டு வாங்கியிருந்தேன்.

"மக்கா, ஆயாம்மா இப்ப வந்திருவாங்க. கேட் திறக்கிற வரைக்கும் இங்கயே நிக்கணும். யாரு கூப்பிட்டாலும் போகப்பிடாது, கேட்டியா?"

அவள் தலையாட்டினாள். நான் பைக்கைத் திருப்பினேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பூட்டிய கேட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளாக நின்றாள். ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளையை அப்படி விட்டுவிட்டுப் போனவன் நான்தான். அதற்குச் சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வேறு ஜில்லா, வேறு வானம். வள்ளியூரில் சுள்ளென்று வெயில். நனைந்த சட்டையோடு போய் உட்கார்ந்த என்னைப் பார்த்து ஆபீசில் சிரித்தார்கள். பத்து மணி தாண்டி, தாமதமாக வந்த ஒருவர் பையை வைத்துக்கொண்டே சொன்னார்: "என்ன சார், உங்க ஜில்லாவுக்கு இன்னைக்கு மழை லீவாமே. கலெக்டர் காலையிலயே விட்டுட்டாராம்."

மேலாளரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். கணவாயைத் தாண்டியதும் மழை கொட்டியது. தோவாளைப் பக்கம் ரோட்டில் தண்ணீர், பஸ் ஊர்ந்தது. பிள்ளை பூட்டிய கேட்டில் நிற்கிறாள், யார் கூப்பிட்டாலும் போகாதே என்று சொல்லியிருக்கிறேன், அவள் சொன்ன சொல்லை மீறாத பிள்ளை. நான் கும்பிடாத சாமி இல்லை. பஸ்ஸுக்குள் வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

பதினொன்றரைக்குத் தெருமுனையில் திரும்பினேன். கேட்டுக்கு முன்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மஞ்சள் கோட்டோடு என் மகள், காலை ஆட்டிக்கொண்டு அப்பம் தின்கிறாள். நாற்காலிக்குப் பின்னால் கடற்கரைக்காரி ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குடை முழுக்கப் பிள்ளைக்கு மேலே. அவள் பாதி முதுகு தொப்பலாக நனைந்திருந்தது.

"அப்பா, கேட் இன்னும் திறக்கல" என்றாள் மகள்.

அவளை வாரி எடுத்துக்கொண்டேன். பேச்சு வரவில்லை. கடற்கரைக்காரிக்கு வந்தது.

"உங்களுக்கு மூளை உண்டா அண்ணே? உங்க வண்டி தெருமுனை திரும்பவும் பால் வாங்க வந்தவ பாக்கேன், பிள்ள ஒத்தையா நிக்கி. வா மக்கா, ஆன்ட்டி வீட்டுக்குப் போலாம்னா வர மாட்டேங்கு. அப்பா இங்கதான் நிக்கச் சொன்னாங்கன்னு ஒரே பிடி! தூக்கப் போனா கேட்டுக் கம்பியப் பிடிச்சிட்டுக் கெடந்து கூப்பாடு போடுது. கழுத்தில கெடக்க கார்டில உள்ள நம்பருக்கு அடிச்சா, அது உங்க வீட்டுக்காரிக்க பழைய நம்பர். செத்துக் கெடக்கு. நாங்க என்னதான் செய்ய?"

என்ன செய்தார்கள் தெரியுமா? முறை வைத்தார்கள். கைப்பிள்ளைக்காரி வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, மற்ற மூவரும் மாற்றி மாற்றிக் குடை பிடித்திருக்கிறார்கள். தையல்காரி வீட்டு நாற்காலி. ஜவுளிக்கடைக்காரி அன்றைக்கு வேலைக்கே பிந்திப் போயிருக்கிறாள். என் மகள் தன் வாக்கைக் காப்பாற்ற, மூன்று பெண்கள் அவளுக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். இவர்களிடம்தான் 'நானே பாத்துக்கிடுவேன்' என்று மார்தட்டினேன்.

"உங்களுக்கு எப்படி லீவுன்னு தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மிஸ்டு கால்தான். யாருக்கு முதல்ல சேதி கெடச்சாலும் அடுத்த ஆளுக்கு ரெண்டு மிஸ்டு கால் அடிக்கணும். அவ அடுத்தவளுக்கு. ஒண்ணுன்னா நான் வரப் பிந்தும், பிள்ளையப் பாத்துக்கோ. ரெண்டுன்னா லீவு."

"எனக்கும் ஒண்ணு அடிச்சிருக்கலாம்லா?"

குரலை முதல் தடவையாகத் தாழ்த்தினாள். "நம்பர் கேக்க நெனச்சோம் அண்ணே. உங்களுக்க வீட்டுக்காரி வெளிநாட்டில, எனக்க மாப்பிள வெளிநாட்டில. நான் உங்க நம்பர வாங்கினா ஊரு சும்மா இருக்குமா? ஊர் வாய மூட உலைமூடி உண்டா?"

நியாயம்தானே. நானும் அதே ஊர்தானே. அவள் கேட்கக் கூசினாள், நான் கொடுக்க வீம்பு பிடித்தேன். நடுவில் மூன்றரை மணி நேரம் ஒரு பிள்ளை மழையில் நின்றது.

கொஞ்சம் யோசித்தவள், "மிஸ்டு கால்ல என்ன பேச்சு இருக்கு? நான் அடிப்பேன், நீங்க எடுத்திராதீங்க. யாரு என்ன சொல்லிர முடியும்?" என்றாள். நம்பர் கொடுத்தேன். 'பாப்பா அப்பா' என்று பதிந்துகொண்டாள். மகளின் தலையைத் துவட்டி, சடையை அவிழ்த்து, கையைக்கூடப் பார்க்காமல் ரிப்பனைப் பூப்போலக் கட்டினாள்.

"தினமும் ஆன்ட்டிதான் திரும்பக் கட்டுவாங்க" என்றாள் மகள்.

என் கை பழகிய லட்சணம் இது.

அன்றிலிருந்து எனக்கும் முறை வந்தது. என் முறையன்று லீவு போட்டேன். நாலு வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர், என் மகளோடு ஏழு. உப்புமா கிண்டினேன். "இது என்ன, பசையா?" என்று கேட்டான் கடற்கரைக்காரி மகன். ஆனாலும் தின்றார்கள். அவனுக்கு அப்பா என்றால் போனில் வருகிற குரல்தான். அன்றைக்கு முழுக்க என் தோளை விட்டு இறங்கவில்லை. அவன் அம்மா வந்து கூப்பிட்டபோதும் இறங்கவில்லை. முதலில் அதட்டினாள், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாங்களும் அவர்களுக்கு ஏதோ ஒன்றுக்கு ஆகிறோம் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிமிர முடிந்தது.

சத்தியம் மட்டும் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. மகளிடம், "அத்தைகிட்ட மழை லீவு அன்னைக்கு நின்னதச் சொல்லாத மக்கா" என்றேன். "ஏன்?" என்று கேட்டாள். நான் அடுக்களைக்குப் போனேன்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை அக்கா வந்து இறங்கினாள். கையில் ஒரு பெரிய பெட்டி. தூக்கினேன், காலிப் பெட்டி. எதற்கென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குள் சனிக்கிழமைக்கும் முறை வைத்திருந்தோம், அன்றைக்கு என் முறை. வீடு முழுக்கப் பிள்ளைகள். "இது என்னலே சத்திரம் மாதிரி?" என்றாள். மத்தியானம் மகனைக் கூட்டிப்போகக் கடற்கரைக்காரி வந்தாள். அக்கா அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இவன் சொல்லதை நான் நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பிள்ளை என்னைக்காவது பாக்க ஆளில்லாம தெருவில நின்னிருக்கா?"

சத்தியம் செய்த கதை கடற்கரைக்காரிக்குத் தெரியாது. நான் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"நின்னுதே" என்றாள், அந்தப் பெரிய குரலில். "மழையில, பள்ளிக்கூடத்துக் கேட்டில. மூணரை மணிக்கூறு."

அக்கா என்னைப் பார்த்தாள். போயிற்று, எல்லாம் போயிற்று. மகளின் துணிகளை அந்தப் பெட்டியில் எப்படி அடுக்குவேன் என்றுகூட மனசு போய்விட்டது.

"ஆனா ஆளில்லாம நிக்கல்ல" என்றாள் கடற்கரைக்காரி. "நானும் நின்னேன். பெறவு தையல்காரி நின்னா. பெறவு ஜவுளிக்கட. பெறவு மறுபடி நான். ஒரு நிமிசம் அது ஒத்தைக்கு நிக்கல்ல கேட்டேளா, அக்கா."

அக்கா கையை நீட்டிப் பிள்ளையைக் கூப்பிட்டாள். மடியில் ஏறி உட்கார்ந்த என் மகளின் ரிப்பனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள்.

"இவன் நம்பர் எங்கிட்ட இருக்கு. இவனை வச்சு ஒண்ணும் ஆகாது. உங்க நம்பரைச் சொல்லுங்க" என்றாள். "இனி லீவு விட்டா மதுரைக்கும் ரெண்டு அடிக்கணும், என்ன?"

மறுநாள் அக்காவை வடசேரியில் பஸ் ஏற்றிவிட்டேன். அந்தப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். காலியாகவே இருந்தது.