மீந்துபோன ஒரு லோடு செங்கல்

எங்கள் பக்கம் வீடு கட்டினால் செங்கல் பற்றாமல்தான் போகும். ஜன்னல் மட்டம் வந்ததும் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார், "இன்னும் அரை லோடு எறக்கிடுங்க" என்பார். ஒதியம்பட்டில் எனக்குத் தெரிந்து செங்கல் மீந்த வீடு ஒன்றே ஒன்று, அது என் வீடு. போன சித்திரையில் நடந்தது. சுவர் எல்லாம் தளம் போடுகிற மட்டத்துக்கு ஏறிவிட்டது; வாசலிலோ ஒரு முழு லோடு கல், இறக்கின அடுக்கு கலையாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எங்கே! ஆளாளுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்.

முதலில் தட்டியவர் அன்புராஜ் மேஸ்திரி. எங்கள் தெருவில் பாதி வீடு அவர் கட்டியது. என் வீடும் தனக்குத்தான் என்று நினைத்திருந்தவர். விரலை மடக்கித் தட்டினார். டொக்கு டொக்கு என்றது சுவர்.

"கேட்டியா ஆயா? உள்ள ஒண்ணுமே இல்ல. சொவரு கட்டச் சொன்னா ஒனக்கு டப்பா கட்டிக் குட்த்துருக்கா."

கட்டியவள் ஜோஸ்பின். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் வீடு நடுவில் வந்து விழுகிறது, என்ன செய்ய.

ஜோஸ்பின் வில்லியனூர் மாதா கோயில் பக்கத்துப் பெண். அவள் அப்பா பாஸ்கல் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் அருள்தாஸைக் கட்டிக்கொண்டு வந்தாள். அருள்தாஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்ல பிள்ளை, ஆட்டோவைவிட வாய் வேகமாக ஓடும். வந்த இரண்டாம் வருஷமே அவள் சித்தாள் வேலைக்குப் போனாள், இதே அன்புராஜிடம். பதினாறு வருஷம் தலையில் சாந்துச் சட்டி. சட்டியை இறக்கி வைத்ததும் ஒரு நிமிஷம் நிற்பாள். அவர் கல் வைப்பதைப் பார்ப்பாள். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கரணையை எடுத்து மூன்று கல் வைத்துவிட்டாள். திரும்பி வந்தவர் மூன்றையும் பிடுங்கிப் போட்டார். கோணலா நேரா என்று தூக்குக் குண்டு விட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பள வச்ச கல்லு" என்றார், முடிந்தது.

இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். கண் கலங்கவில்லை. அந்த மூன்று கல் எந்த வீட்டில், எந்த மூலையில் என்று மட்டும் குறிப்பாகச் சொன்னாள்.

அப்புறம் வானூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்ட ஆரம்பித்தார்கள். ஹேமலதா என்று ஒரு இன்ஜினியர் பெண், சித்தாள்களுக்குக் கரணை கொடுத்துச் சுவர் வைக்கக் கற்றுத் தருகிறாள் என்று காதில் விழுந்தது. ஜோஸ்பின் அன்றைக்கே சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். இரண்டு வருஷம் பஸ் மாறி பஸ் ஏறிப் போய் வந்தாள். கடைசியில் வந்தபோது பையில் சொந்தக் கரணை, ரசமட்டம், தூக்குக் குண்டு.

அவள் கற்று வந்த சுவர் வேறு தினுசு. எல்லோரும் கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவார்கள். இவள் விளிம்பில் நிறுத்தி வைப்பாள். வெளிப்பக்கம் ஒரு கல் நிற்கும், உள்பக்கம் ஒரு கல் நிற்கும், நடுவில் நாலு விரல் காலி. இரண்டையும் பிடித்துக்கொள்ள இடையிடையே குறுக்கே ஒரு கல். அடிவரிசை, மூலை, ஜன்னலைச் சுற்றி, தளத்துக்குக் கீழே, இங்கெல்லாம் மட்டும் காலி விடாமல் நிறைத்துவிடுவாள்.

"உள்ள அடைஞ்சி நிக்கிற காத்து வெயில வுடாது ஆயா," என்றாள். "நாலு கல்லு வைக்கிற எடத்துல மூணு போதும். சூளைல எரியிற மரமும் மிச்சம், ஏரி மண்ணும் மிச்சம்."

நான் உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதலில் மாட்டுக்கொட்டகைக்கு மேற்குச் சுவர் மட்டும் கட்டச் சொன்னேன். அந்தக் கோடையில் என் மாடு தென்னை நிழலை விட்டுவிட்டு, உச்சி வேளை ஆனதும் கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்தது. தினமும் அப்படித்தான். நானும் படிக்காதவள், மாடும் படிக்காதது. எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. பழைய ஷீட் வீட்டைப் பிரித்துப் புது வீடு என்று பேச்சு வந்தபோது, "கட்டுனா ஜோஸ்பின்தான் கட்டணும். இல்லன்னா இந்த ஷீட்டுக்குள்ளயே வெந்து சாவுறேன், வுட்ருங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் மகன் நவநீதனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் புதுச்சேரியில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறான். காலையில் வெயில் ஏறுவதற்குள் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு வீடு கண்ணில் படும். அந்த ஞாயிறு அன்புராஜ் அவனை அழைத்துப் போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார். மீந்த கல்லையும் காட்டினார். பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது.

"சொவத்துக்குள்ள இருக்க வேண்டிய கல்லு எல்லாம் வாசல்ல இருக்குது. இன்னா அர்த்தம் இதுக்கு?"

"மூணு லோடு போதும்னு அன்னைக்கே சொன்னேன்ண்ணா," என்றாள் ஜோஸ்பின். "நீங்கதான் நாலு எறக்குனீங்க."

சொன்னது நிஜம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் மூன்று என்று விரலைக் காட்டுகிறாள். இவன் ஃபோனில் நாலு என்கிறான். அவள் கணக்கு அவனுக்குக் கணக்காகவே படவில்லை.

"இது மேல தளம் போட்டா ஆயா தலைலதான் எறங்கும்," என்றார் அன்புராஜ்.

நவநீதன் என் பக்கம் திரும்பவே இல்லை. "இடிச்சிட்டுப் புதுசா நீங்களே கட்டிடுங்க மேஸ்திரி" என்றான்.

ஜோஸ்பின் முழுதாகக் கட்டிய முதல் வீடு அது. அதை இடித்தால் பேச்சு வில்லியனூரில் ஆரம்பித்துப் பாகூர் வரைக்கும் போகும். அப்புறம் யார் அவளிடம் சுவர் கொடுப்பார்கள்? திரும்பவும் அன்புராஜின் சட்டிதான். அது அவருக்கும் தெரிந்தது.

"வந்துடு ஜோஸ்பின். ஒன் சட்டிய வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

"சட்டி தூக்குறது எனக்குக் கேவலம் இல்ல மேஸ்திரி. கரணைய கீழ வச்சிட்டுத் தூக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வாசலில் இருந்த கல் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் எங்கள் கொல்லை முனையில்தான் பஸ் நிற்கும். அங்கே ஒரு மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. ஜனம் வெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நிற்கும்.

"ண்ணா, இந்தக் கல்லப் பாதியாப் பிரிங்க. பஸ் நிக்கிற எடத்துல மேஸ்திரி ஒரு ரூம்பு கட்டட்டும், பக்கத்துலயே நான் ஒண்ணு கட்டுறேன். மூணு சொவரு, முன்னால தெறப்பு, ஒரே அளவு. காஞ்சதும் நெல்லு மூட்ட ஏத்திப் பாருங்க. என்துல ஒரு விரிசல் கோடு வுட்டாலும் இந்த வூட்ட நானே இடிக்கிறேன். எனக்குக் கூலி வேணாம்."

தெருவே கூடி நின்றதால் அன்புராஜால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நவநீதனும் தலையாட்டினான். நான்தான் முதலில் போய்க் கல்லைப் பிரித்தேன். உனக்கென்ன அவசரம் என்று கேட்டான். என் கல், என் கொல்லை, என் அவசரம் என்றேன்.

அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நாலு நாள் வேலை. நாலாம் நாள் அவருக்கு மேல் இரண்டு வரிசைக்குக் கல் பற்றவில்லை. வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார். ஜோஸ்பின் தன் பக்கத்தைக் காட்டினாள்.

"எடுத்துக்குங்க மேஸ்திரி. மீந்துதான் கெடக்குது."

எடுத்துக்கொண்டார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றினது நான். பதினாலு நாளும் ஒரே குடம். அவருக்குப் பத்து என்றால் அவளுக்கும் பத்து. ஜோஸ்பின் சுவருக்கு ஒரு சொம்பு கூட ஊற்றிவிட்டேன் என்று நாளைக்கு எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது பாருங்கள்.

அப்போது நவரை அறுப்பு. அபிஷேகப்பாக்கத்திலிருந்து நெல் ஏற்றி வந்த டிராக்டரை நிறுத்தி, சுவருக்குச் சுவர் சவுக்குக் கட்டையை நெருக்கிப் போட்டு, இரண்டின் மேலும் இருபது இருபது மூட்டை அடுக்கினார்கள். காலையில் ஏற்றியதைப் பொழுது சாயத்தான் இறக்கினார்கள். அன்புராஜ் மூக்கைச் சுவரில் ஒட்டாத குறையாகக் கோடு தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை, அவள் சுவரிலும் இல்லை, அவர் சுவரிலும் இல்லை.

"ரெண்டுந்தான் நிக்குது," என்றார். "அப்ப என்துல இன்னா கெட்டுப் போச்சி?"

"நான் கம்மியா வச்சி நின்னுதுல்ல?" என்றாள் அவள்.

நவநீதன் யோசித்தான். "இன்னிக்கி நிக்குது. எதுக்கு சும்மா காலி வுட்டுக் கட்டணும்? அதுல இன்னா லாபம்? வர்ற ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்று போய்விட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான், தோற்றதை ஒத்துக்கொள்ள ஒரு வாரம் வேண்டும்.

மூட்டையை இறக்கியதும் இரண்டு அறைக்கும் ஒரே மாதிரி தென்னங்கீற்று போட்டு, உட்கார ஒவ்வொன்றிலும் ஒரு கல்பலகை கிடத்தினோம். ஜனத்துக்கு யார் கட்டினால் என்ன, நிழல் கிடைத்தால் சரி. திங்கட்கிழமை இரண்டிலும் உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேஸ்திரி அறையில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள். புதன்கிழமை அதற்கு ஒரு முறையே வந்துவிட்டது: கீரைக்கட்டு, காய்கறிப் பை, கேஸ் சிலிண்டர் எல்லாம் மேஸ்திரி அறையில்; ஆட்கள் எல்லாம் ஜோஸ்பின் அறையில். நான் கொல்லையில் புல் அறுத்துக்கொண்டு எல்லாம் பார்த்தேன். மகனிடம் மூச்சு விடவில்லை. நான் சொன்னால் அம்மா சொல்வது. அவன் கண்ணே சொல்லட்டும்.

ஞாயிறு வந்தது. மூன்று மணி வெயில், தார் ரோடு பளபளவென்று தண்ணீர் மாதிரித் தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் இருக்கிறேன் வா என்று அன்புராஜ் சொல்லி அனுப்பியிருந்தார். நவநீதன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினான். இன்றைக்கு நின்றது நாளைக்கும் நிற்கும் என்று அவனுக்கு நம்பிக்கை வரவில்லை; மேஸ்திரியோடு திரும்பி வந்து வீட்டை இடிப்பதாகத்தான் முடிவு. ஜோஸ்பினும் அருள்தாஸும் பின்னால் வந்தார்கள். அவள் கரணையைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். நான் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.

மேஸ்திரி அறையில் இரண்டு பலாப்பழமும் ஒரு சைக்கிளும் இருந்தன. ஜோஸ்பின் அறையில் கால் வைக்க இடமில்லை. வில்லியனூர் சந்தைக்குப் போய்வந்த பெண்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். உள் மூலையில், சட்டையைக் கழற்றித் தோளில் போட்டு, வெறும் முதுகைச் சுவரில் ஒட்டி, வாயைத் திறந்துகொண்டு ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினார். அன்புராஜ் மேஸ்திரி.

நவநீதன் சந்தைப் பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அப்புறம் குனிந்து தோளைத் தட்டினான்.

"மேஸ்திரி. ஒங்க ரூம்பு பக்கத்துலதான இருக்குது? இங்க ஏன் தூங்குறீங்க?"

"அங்க முதுவு சுடுதுபா," என்றார் அவர், தூக்கத்திலேயே. சொன்ன பிறகுதான் கண்ணை முழுசாகத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். ஜோஸ்பினைப் பார்த்தார்.

அருள்தாஸ் விடுவானா? "மேஸ்திரி ஸ்டாப்பிங் வந்துருச்சி! எறங்குறவங்க எறங்கிக்குங்க!" என்று கத்தினான். சந்தைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நவநீதன் சிரிக்கவில்லை. மேஸ்திரி அறைக்குப் போய் உள்சுவரில் கையை வைத்தான், உடனே எடுத்துவிட்டான். இந்தப் பக்கம் வந்து ஜோஸ்பின் சுவரில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. அப்புறம் நெற்றியைச் சாய்த்துப் பார்த்தான், என் மாடு முதுகைச் சாய்த்த மாதிரி. கடப்பாரை எப்போது கீழே இறங்கியது என்று அவனுக்கே தெரியாது.

"தளம் எப்ப போடலாம், ஜோஸ்பின்?"

"வியாழக்கெழம போட்டுடலாம்ண்ணா." இடுப்பில் இருந்த கரணையைத் தொட்டுக்கொண்டாள். "ஜல்லி மட்டும் நான் சொல்ற அளவுக்கே எறக்குங்க."

"சரிம்மா மேஸ்திரி" என்றான் என் மகன். என் காதால் கேட்டேன்.

வியாழக்கிழமை தளம் போட்டாள். ஜல்லி குறையவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. இந்தக் கோடை முழுக்க மத்தியானத்தில் என் வீட்டில் படுத்தெழ அண்டை அயல் பெண்கள் வருகிறார்கள். ஃபேன் போடச் சொன்னால் வேண்டாம் ஆயா என்கிறார்கள். ஜோஸ்பின் அதற்குள் அபிஷேகப்பாக்கத்தில் இரண்டு வீடு முடித்துவிட்டாள், பாகூரில் மூன்றாவது ஏறுகிறது. பஸ் கண்டக்டர் எங்கள் ஊர் பேரைச் சொல்வதை விட்டுவிட்டு "ஜோஸ்பின் ரூம்பெல்லாம் எறங்கு" என்கிறார்.

போன மாதம் பாகூரில் அந்த வேலையைப் பார்க்க அருள்தாஸ் ஆட்டோவில் நானும் போயிருந்தேன். அவள் சாரத்தின் மேல் நின்று கல் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே அன்புராஜ் வந்து நின்றார். 

"குறுக்குக் கல்லு எத்தினி கல்லுக்கு ஒண்ணு வக்கிற? அத்த மட்டும் காமி."

"தாராளமா காமிக்கிறேன் மேஸ்திரி." அவள் கரணையால் கீழே இருந்த சட்டியைக் காட்டினாள். "சாந்து தீந்துட்டுது. வரும்போது அப்பிடியே எடுத்தாந்துடுங்க."

அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டார். தூக்கிக்கொண்டு ஏறினார்.