வெறுங்கையோடு ஆற்றுக்கு

என் அண்ணன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் முற்றத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, காப்பியை ஆற்றிக் குடித்தபடி ஒரு தீர்ப்புச் சொன்னான்.

“இந்தக் காலத்துல பொம்பளையளுக்கு என்ன கஷ்டம்? ஆம்பளைக்குத்தான் கஷ்டம். பஸ்ல ஒங்களுக்கு டிக்கெட் கிடையாது. எங்க போனாலும் ஒங்க பக்கம்தான் பேசுதாவ. வீட்ல நாங்க வாயத் தொறக்க முடியல.”

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குள்ளிருந்து தலையாட்டினார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டான். “பைய நடந்து ஆத்துக்குப் போயிட்டு வாரேன். நீ கொழம்பக் கூட்டி வை.”

போய்விட்டான். இரண்டு மணி நேரம் கழித்துக் கண் சிவக்க, பசியோடு வந்தான். அந்த இரண்டு மணி நேரமும் எனக்கு அவன் பேச்சு மறந்துபோயிற்று; அவன் தோளில் கிடந்த துண்டுதான் கண்ணுக்குள் நின்றது.

எங்கள் ஊர் சீவலப்பேரிக்குப் பக்கம். வாசலில் நின்று கூப்பிட்டால் ஆற்றில் குளிக்கிறவனுக்குக் கேட்கும். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வண்டி ஓட்டுகிறேன், வீட்டுக் கடனில் பாதி என் கையெழுத்து. ஆனால் பெரிய மனுஷி ஆனதிலிருந்து ஒருநாள்கூட நான் வெறுங்கையோடு ஆற்றுக்குப் போனதில்லை. அன்றைக்குத்தான் இதைக் கவனித்தேன். வாளி நிறைய அழுக்குத்துணி இருக்கும். இல்லாவிட்டால் போர்வை, மிதியடி, விளக்கவேண்டிய அண்டா, ஏதாவது ஒன்று. ஆம்பளை குளிக்கப் போகிறான். பொம்பளை துவைக்கப் போகிறாள், போன இடத்தில் மூன்று முங்கு முங்கிவிட்டு வருகிறாள். பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆற்றில் இருக்கிறது. அந்த வாளிதான் டிக்கெட்.

இத்தனைக்கும் நான் நன்றாக நீந்துவேன். பதினோரு வயது வரைக்கும் அண்ணனோடுதான் ஆறே கதியென்று கிடந்தேன். ஆற்று நடுவில் ஒரு பாறை உண்டு. அதை யார் முதலில் தொடுவது என்று பந்தயம் வைப்போம். பாதி நாள் நான்தான் தொடுவேன். பிறகு வீட்டில் சடங்கு வைத்தார்கள். அண்டை அயலெல்லாம் வந்து சந்தனம் பூசினார்கள். அது முடிந்த மறுவாரம் அம்மா கையில் வாளியைக் கொடுத்தாள். அத்தோடு பாறையை நான் கரையில் நின்று பார்த்ததுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஆறு ஊருக்குள் வந்தபோது நாங்கள் இரண்டு நாள் மொட்டைமாடியில் கிடந்தோம். ஆம்பளைகள் நீந்திப்போய்ப் பால் பாக்கெட் கொண்டுவந்தார்கள். கடைசியில் பெண்களையும் பிள்ளைகளையும் மூட்டை இறக்குவதுபோல ஒவ்வொருவராக இறக்கினார்கள். என் மகள் அப்போது சின்னப் பிள்ளை. என் இடுப்பில் இருந்துகொண்டு கேட்டாள், “எம்மா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?” தெரியும் என்றேன். “அப்ப நீ ஏன் நீந்தல?”

அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் என் கையும் காலும் மரத்துப்போயிருந்தன என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இவளுக்காவது நீச்சல் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி. நினைப்புப் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். எனக்குப் பிழைப்புதான் நினைப்பைக் கெடுத்தது. அண்ணன் தோளில் அந்தத் துண்டைப் பார்த்த அன்றுதான் மறுபடியும் ஞாபகம் வந்தது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஆற்றிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். “ஒம் பிள்ளையளுக்கு நீச்சல் சொல்லிக்குடுத்தேல்லா. ஒம் மருமவளுக்கும் சொல்லிக்குடேன்.”

மீன் முள்ளை எடுத்தபடி சிரித்தான். “இன்னும் ஆறு மாசத்துல அவ பெரிய மனுஷி ஆயிருவா. இனிமே நீச்சலப் படிச்சு என்ன பண்ணப் போறா?”

வீட்டுக்காரர் அவனைவிட நாகரிகமானவர். வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். “நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? நாலு பேரு பாக்காத நேரமாப் பாத்துச் சொல்லிக்குடு” என்று வாரக்கணக்காகத் தள்ளிப்போட்டார். அந்த நாலு பேர் யாரென்று எனக்குக் கடைசிவரைக்கும் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். அவரும் கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மகளை எழுப்பினேன். பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். வாளி எடுக்கவில்லை. சோப்பு எடுக்கவில்லை. மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை. கையை வீசிக்கொண்டு ஒருநாளாவது ஆற்றுக்குப் போவது என்று வைராக்கியம். ஆற்றுக்குத் திரும்புகிற முக்கில் டீக்கடை அண்ணாச்சி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“என்ன தாயி, இவ்வளவு வெள்ளன? கையில ஒண்ணும் இல்லாம?”

“சும்மா, ஆத்துக்கு அண்ணாச்சி.”

“சும்மாவா?” என்றார். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நாங்கள் போவதைப் பார்த்தார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. இடுப்பளவில் நின்றுகொண்டு மகளின் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தேன். “காலை அடி, பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன்.” முதலில் தாறுமாறாக அடித்தாள். பிறகு என் கையில் அவள் கனம் குறைவது தெரிந்தது. மிதக்கிறாள்! அவள் சிரித்தாள். எனக்கும் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் காலும் தானாகத் தண்ணீரை உதைத்தது.

அப்போதுதான் கரையில் பைக் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஓடிவருகிறார். ஒரு காலில்தான் செருப்பு. பனியனை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருக்கிறார். பின்னாலேயே டீக்கடை அண்ணாச்சி, இன்னும் இரண்டு ஆட்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு வருகிறாள். “ஏ பாவி மவளே, பிள்ளைய விட்ருட்டி! அது என்ன பாவம் செஞ்சுது?”

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வீட்டுக்காரர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு தண்ணீருக்குள் பாய்ந்து மகளை என் கையிலிருந்து பிடுங்கினார். அதுவரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத பிள்ளை, அவர் இழுத்த இழுப்பில் குடித்தாள். இருமி இருமி அழுதாள். “நீச்சல்தானப்பா படிச்சேன்!”

எல்லாரும் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சிதான் முதலில் பேசினார். “கையில ஒரு துணிமணி இல்ல. நேத்து வேற வீட்ல சண்ட. பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறிய. நாங்க என்னத்த தாயி நினைக்க? அதான் தம்பிக்குப் போன் போட்டேன்.”

அவர் மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. நல்ல மனுஷன், ஒரு உயிர் போய்விடக் கூடாதே என்று பதறியிருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு பொம்பளை ஆற்றுக்குப் போனால் இந்த ஊருக்கு இரண்டு காரணம்தான் தெரியும். ஒன்று துவைக்கப் போகிறாள், இல்லாவிட்டால் சாகப் போகிறாள். தண்ணீர் பிடித்திருக்கிறது, அதனால் போகிறாள் என்று மூன்றாவதாக ஒன்று யார் புத்திக்கும் எட்டவில்லை.

வீட்டுக்காரர் மகளைத் தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் வாயைத் திறக்கும்வரைக்கும்தான் அந்தப் பாவமும்.

“ஒரு வாளியையாவது தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா, ஏட்டி?”

“ஒங்க மச்சான் வாரா வாரம் வெறும் துண்டோட போறான். ஒருநாளாவது யாராவது எனக்குப் போன் போட்டாவளா?”

“அவன் ஆம்பளைல்லா” என்றார்.

அண்ணன் சொன்ன ஆம்பளைக் கஷ்டம் இதுதான் போலிருக்கிறது. அதற்குள் கூடிவிட்ட பத்துப் பேருக்கு நடுவில் ஈரத்துணியோடு வீட்டுக்கு நடந்தேன். அடுத்த வாரம் பூராவும் பக்கத்து வீட்டுக்காரி என்னைத் தனியாக விடவில்லை. கீரை இருக்கா, மோர் இருக்கா என்று வந்து வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நான் விடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாளியோடு போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. துவைத்த துணியையே இரண்டு எடுத்து வாளியில் போட்டுக்கொள்வேன். கரையில் வாளி இருந்தால் போதும், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணாச்சி, “என்ன தாயி, துவைக்கவா?” என்பார். ஆமாம் என்பேன். அவருக்கும் நிம்மதி.

இரண்டு மாதத்தில் மகள் பாறையைத் தொட்டாள். நானும் கூடவே நீந்திப்போய்த் தொட்டேன். அடுத்த வாரம் வந்த அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். “யாருட்டி ஒனக்குச் சொல்லிக்குடுத்தா?” என்று கேட்டான். அம்மா என்றாள். அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “ஒங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?”

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். போதும் இந்த வேஷம். மகளுக்கு நீச்சல் வந்துவிட்டது, ஊருக்கும் கண் பழகியிருக்கும். இனிமேல் வாளி கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை கையை வீசிக்கொண்டு முதலில் நான் வாசலுக்கு வந்தேன். மகளைக் காணோம். கூப்பிட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எதுக்குட்டி அது? வேண்டாம்னு சொன்னேம்லா.”

“இருக்கட்டும்மா” என்றாள், எனக்குச் சமாதானம் சொல்வதுபோல. “யாராவது அப்பாவுக்குப் போன் போட்ருவாவ.”

வாளிக்குள் பார்த்தேன். அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டை. முந்தின நாள்தான் துவைத்துத் தேய்த்து மடித்து வைத்திருந்தேன்.