ஏட்டு பலராமனின் வயிற்றெரிச்சல்

ஏட்டு பலராமனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலுக்கு வளவன் என்று பெயர். திருவண்ணாமலை டவுனில் பலராமன் இருந்த ஸ்டேஷனுக்கே புதிதாக வந்து சேர்ந்த போலீஸ்காரப் பையன். மீசை ஒழுங்காக முளைத்தே நாலைந்து வருஷம்தான் இருக்கும்.

பலராமன் காக்கி போட்டது, வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கிய சமயத்தில். மாவட்டம் புதிது, கலெக்டர் புதிது, பெயர்ப்பலகைகள் எல்லாம் புதிது. போலீஸ்காரன் சம்பளம் மட்டும் பழசு. அந்தச் சம்பளத்துக்கு எவன் நிற்பான்? பயிற்சிக்குப் போனவர்களில் சிலர் அங்கிருந்தே ஓடிப் போனார்கள். வந்து சேர்ந்தவர்களில் சிலர் பஸ் கண்டக்டர் வேலை கிடைத்ததும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிடு போட்டுப் போனார்கள். மிச்சம் இருந்தவன் தலையில் எல்லாம் விடிந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நின்ற பலராமன் வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாது. அப்படியே கைதியைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும். தீபத்துக்கு வெளி மாவட்டத்திலிருந்து போலீஸ்காரர்கள் வருவார்கள், அவர்களுக்கு வழி காட்டுவதற்கும் பலராமன்தான் நிற்க வேண்டும்.

"ஆளப் போடுங்கய்யா, செத்துருவோம்" என்று வந்த இன்ஸ்பெக்டரிடமெல்லாம் அவர் கெஞ்சினார். சம்பளத்தைக் கூட்டாமல் ஆள் வராது என்பது மேலே இருந்தவர்களுக்கும் ஒருவழியாக உறைத்தது. சம்பளக் கமிஷன் போட்டார்கள், கூட்டினார்கள், மறுபடியும் கமிஷன் போட்டுக் கூட்டினார்கள். அதற்கப்புறம் ஆள் எடுக்கிற மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. பட்டம் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் பனியனோடு ஓடினார்கள். அப்படி ஓடி வந்தவன்தான் வளவன்.

பலராமன் கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டார். ஒரு வாரம் பட்டார். அவர் சம்பளமும்தான் ஏறியது. ஆனால் வளவன் வாங்குவதற்கும் தான் வாங்குவதற்கும் எவ்வளவு கொஞ்சம்தான் வித்தியாசம் என்று தெரிந்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வித்தியாசம் ஒரு மூட்டை அரிசிக்குக் காணாது. "வெயில்ல காஞ்சது ஒருத்தன், நெழல்ல வந்து ஒக்கார்றவன் ஒருத்தனா?" என்று மனைவி மணியம்மாளிடம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. பலராமன் வருஷக்கணக்கில் சைக்கிள் மிதித்தவர்; வளவன் வந்த கொஞ்ச நாளில் புது பைக் எடுத்தான். ஆள் நிறைய இருந்ததால் அவன் கேட்ட லீவு கிடைத்தது. டீக்கடையில் டீ குடித்தால் சட்டைப்பையில் கை விட்டுக் காசை எடுத்துக் கொடுத்தான். அந்த நாளில் கடைக்காரன் பார்க்காத மாதிரி இருக்க, தானும் பார்க்காத மாதிரி டம்ளரை வைத்துவிட்டு நழுவியது பலராமனுக்கு ஞாபகம் வந்தது. நேர்மையாக இருக்கிறதற்குக்கூட இந்தப் பயலுக்கு வசதி இருக்கிறதே என்று பொருமினார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார். வளவனுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்களே, அதுதான் தாங்கவில்லை. பலராமனுக்குப் பெண் பார்த்தபோது போலீஸ்காரன் என்றதும் வாசலோடு பேசி அனுப்பியவர்கள் உண்டு. அவலூர்ப்பேட்டை ரோட்டில் உரக்கடை வைத்திருந்த ஆதிமூலம், உள்ளே உட்காரவைத்துக் கேசரி கொடுத்துவிட்டு, தங்கையைக் காட்டிவிட்டு, பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "போலீஸ்காரனுக்குக் குடுத்துட்டு மாசாமாசம் நாமளே அரிசி அனுப்பணுமா?" அதற்கப்புறம்தான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் மணியம்மாள் அமைந்தாள்.

எங்கள் பக்கத்தில், பையனை வேலை செய்கிற இடத்தில் விசாரிக்காமல் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள். கூட வேலை செய்கிறவரை ஓரமாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்த ஆள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் ஒரு சம்பந்தம் சேரும், இல்லையென்றால் முறியும். வளவனைப் பற்றி விசாரிக்க ஒரு நாள் காலையில் ஒருவர் வந்து பலராமனை டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

ஆதிமூலம்! தலை நரைத்திருந்தது, தொப்பை வைத்திருந்தது. பலராமனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மனுஷனுக்குப் பலராமனைத் தெரியவில்லை.

"சார், வளவன்னு ஒரு தம்பி உங்க ஸ்டேஷன்ல இருக்காராமே. எம் பொண்ணு எழிலுக்குப் பாக்கறோம். பையன் எப்படிங்க?"

"பையனா... பரவால்லீங்க."

"இன்னா சார் இழுக்கறீங்க?"

"போலீஸ் பொழப்பு தெரியாதா? வீடு தங்க முடியாதுங்க. எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்ப நான் சாத்தனூர் டேம்ல மந்திரி பந்தோபஸ்துல நின்னுட்டு இருந்தேன். பக்கத்து வூட்டுக்காரங்கதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

"அது அப்பங்க. இப்பதான் ஆளுங்க ஜாஸ்தி ஆயிட்டாங்களே, சம்பளமும் நல்லா ஏத்திட்டாங்க." ஆதிமூலம் டீயை ஆற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "எந் தங்கச்சிய ஒரு பைனான்ஸ் கம்பெனிக்காரனுக்குக் குடுத்தோம் சார். கம்பெனிய மூடிட்டு ஒக்காந்திருக்கான். அன்னிக்கு ஒரு போலீஸ்காரரும் வந்து பாத்தாரு. அவருக்கே குடுத்திருக்கலாம். பேருகூட நெனப்பு இல்ல."

பலராமனுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தையை நெஞ்சில் போட்டுப் புழுங்கியிருக்கிறார். சொன்னவனுக்குப் பேர்கூட நினைவில்லை. அதே வீட்டுப் பெண் இப்போது நேற்று வந்த பயலுக்கு, அதுவும் தேடி வந்து! இது நடக்கக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார். ஒரு பொய் போதும்.

"நான் சொன்னதா வெளிய தெரியக் கூடாதுங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "பையனுக்குக் கை நீளம். மேல் வரும்படி ரொம்ப ஜாஸ்தி."

ஆதிமூலம் டம்ளரைக் கீழே வைத்தார். யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"சம்பளத்துக்கு மேலயுங்களா?"

ஆதிமூலம் பலராமன் கையைப் பிடித்துக் குலுக்கினார், கடைக்காரனிடம் "சாருக்கு ரெண்டு மசால்வடை குடுப்பா" என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். பாவம் வளவன்! ஓசி டீ குடிக்காத பையனுக்கு இப்படியொரு பேர் வாங்கிக் கொடுத்து, அந்தப் பேராலேயே கல்யாணத்தையும் முடித்து வைத்தார் ஏட்டு பலராமன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், மாப்பிள்ளையும் மாமனாரும் தட்டில் பத்திரிகை வைத்துக்கொண்டு போலீஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். "ஏட்டய்யா சொன்ன ஒரு வார்த்தையிலதான் நான் துணிஞ்சேன்" என்று ஆதிமூலம் கண்ணைச் சிமிட்டினார். வளவன் ஒன்றும் புரியாமல் காலில் விழுந்தான். "உங்கள மறக்க மாட்டேன் ஏட்டய்யா" என்றான். பலராமன் அவன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தபோது கை கூசியது.

அவர்கள் போனதும் மணியம்மாள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள். "அப்படி இன்னா சொன்னீங்க? நீங்கதான் அந்தப் புள்ளயக் கண்டாலே கரிச்சுக் கொட்டுவீங்களே."

பலராமனுக்கு மறைக்கத் தெம்பு இல்லை. உரக்கடை வீட்டில் கேசரி தின்றதிலிருந்து மசால்வடை வரைக்கும் கொட்டித் தீர்த்தார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை, டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

"இவ்ளோ வருஷமா அவங்க வேணாம்னதையே நெனச்சுட்டு இருந்திருக்கீங்க. நான் சரின்னு சொன்னது?"

"நீ எங்க சொன்ன? உங்கப்பா குடுத்தாரு. வேற எவன் வந்து கேட்டான்?"

"யாரு சொன்னது? பால் சொசைட்டி கிளார்க்கு வந்து கேட்டாரு. எங்கப்பாவுக்கும் அவரதான் புடிச்சுது. நல்ல சம்பளம். நான்தான் அந்தப் போலீஸ்காரரே போதும்னு சாப்புடாம கெடந்து சாதிச்சேன். உங்க சம்பளம் எவ்ளோன்னு தெரிஞ்சுதான் வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "அந்த வூட்டுல பொண்ணு கெடைக்கலயேன்னு இன்னிக்கும் எரியுதுல்ல உங்களுக்கு? எனக்கு எரியாதா?"

இந்த இடத்தில் ஒரு மனுஷனுக்குக் கண் கலங்க வேண்டும். பலராமனுக்கும் கலங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்பளம் ஏறிய பிறகு வரிசை கட்டுகிற பெண்வீடுகளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தவர், சரியான சம்பளமே இல்லாத காலத்தில் ஒருத்தி பிடிவாதம் பிடித்து வந்ததை அன்றைக்குத்தான் கேட்கிறார். கிட்டே போனார். அவள் கையைப் பிடித்தார்.

"மணி."

"ம்."

"எந்த ஊரு கிளார்க்கு?"

மணியம்மாள் கையை உதறினாள். "உங்களுக்கு எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"வேங்கிக்கால்ல மாடி வூடு கட்டிட்டாராம், போதுமா?" என்று சொல்லிவிட்டு டம்ளர்களோடு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து வளவனைக் கண்டால் பலராமனுக்கு எரியவில்லை. கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். ஆனால் வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ் டூட்டி போட்டால் மட்டும் நேர்வழியில் போக மாட்டார். சந்து சந்தாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு மாடி வீட்டையும் நிமிர்ந்து பார்த்து முறைத்துக்கொண்டே போவார்.