படம் கேட்கச் சொன்னார்கள்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வம்பை விலைக்கு வாங்குகிறவள் என்பாள் அம்மா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி, பஸ் டிரைவரான அப்பா அவளைப் பத்திரிகைப் படிப்பில் சேர்த்தார். கடைசி ஆண்டில் மாணவர்கள் ஏதாவது ஒரு நாளிதழில் உட்கார்ந்து வேலை பழக வேண்டும். அவளுக்கு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், சாய்ந்தால் பின்னால் போய்விடும் நாற்காலி ஒன்று கிடைத்தது. மின்தடை அறிவிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

ஒரு மதியம், கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றில் சாரம் சரிந்து வேலையாட்கள் சிலர் இறந்துபோனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்த நிருபர் இறந்தவர்களின் பெயர்களையும் வீட்டு போன் எண்களையும் அனுப்பினார். எல்லோரும் ஆளுக்கொரு போனில் இருந்ததால் செய்தி ஆசிரியர் இவளைக் கூப்பிட்டார்.

"உனக்குத்தான் நல்லா பேச வருமே. இறந்துபோன இந்த எலக்ட்ரீஷியன் வீட்ல, பேப்பர்ல போட அவரோட படம் ஒண்ணு கேளும்மா. வயசையும் கேட்டுக்கோ."

"அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"போலீஸ் சொல்லியாச்சாம்."

போனை எடுத்தது இறந்தவனின் அம்மா. பின்னால் டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான் பேப்பர் ஆபீஸ்ல இருந்து..."

"பேப்பரா? வேணாம்மா. படிக்கிறவன் அவன் ஒருத்தன்தான், அவனும் போன்லயே பாத்துக்கறான். எதுக்கும் சாயங்காலம் வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

வாயாடி ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "சார், அவங்களுக்குத் தெரியாது" என்றாள். செய்தி ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எதுவும் சொல்லிடாதே. ஸ்டேஷனைப் பிடிக்கறேன்."

அவர் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். ஸ்டேஷன் போன் பிஸியாகவே இருந்தது.

வாயாடி ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள். "வீட்ல வேற யாரும் இருக்காங்களாம்மா?"

"மருமக இருக்கா, குழந்தையக் குளிப்பாட்டறா. ஏம்மா, உன் குரல் ஒரு மாதிரி இருக்கே? சளியா? இரு, வாசல்ல யாரோ கூப்பிடறாங்க."

போனை எதன்மேலோ வைக்கும் சத்தம். ஓர் ஆணின் தணிந்த குரல். டிவியில் மறுபடி சிரிப்பு. அதன் பிறகு அந்தம்மாவின் அலறல். வாயாடியால் கேட்கவும் முடியவில்லை, போனை வைக்கவும் முடியவில்லை. செய்தி ஆசிரியர்தான் வந்து அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

மறுநாள் காலை, படமில்லாமல் செய்தி வந்திருந்தது. சற்று நேரத்தில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மருமகள்.

"நேத்து எங்க அத்தைகிட்ட பேசினது யாரு?"

"நான்தாங்க."

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சளின்னு பேசிட்டிருந்தீங்க?"

சளி என்று சொன்னது அந்தம்மாதான். அதை எப்படிச் சொல்வது? மருமகள் போனை வைத்துவிட்டாள்.

வாயாடி பயிற்சியை முடித்தாள். இப்போது வேறொரு நாளிதழில் விளையாட்டுப் பக்கம் பார்க்கிறாள். எங்காவது விபத்து என்று தகவல் வந்தால் எழுந்துபோய் மாடிப்படியில் நின்றுகொள்கிறாள். திரும்பி வரும்போது புதிதாகச் சேர்ந்த யாராவது போனில், "படம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.