விளக்கை எடுக்காமலேயே ஜெபித்தேன்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன ஐப்பசி மழையில் கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிட்டது. அவர் செருப்புகூட இல்லாமல் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டாரைத் தூக்கி மேலே வைத்தார். அடுத்த வாரம் காய்ச்சல். கெண்டைக்கால் வலியில் கத்தினார். கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே சிறுநீர் நின்றுவிட்டது. டயாலிசிஸ் போட்டார்கள். "கிட்னி திரும்ப வேலை செய்யணும்மா. இப்ப உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ஐ.சி.யூ. வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

அன்று சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் சாமுவேல் அண்ணன் சிலரோடு வந்து காத்திருந்தார். ஜெபிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் பார்வை எங்கள் குத்துவிளக்கின் மேலேயே இருந்தது.

அது என் பிறந்த வீட்டு முப்பாட்டனார் வாங்கிய விளக்கு. சத்தியமங்கலம் பக்கம் பண்ணையத்தில் கூலிவேலை செய்தவர். ஞானஸ்நானம் எடுத்த வருடம் அதை வாங்கி, உச்சியில் சிலுவை வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அதை ஏற்றி, பாயில் உட்கார்ந்து சங்கீதம் படிப்போம். எழுத்துத் தெரியாத என் அம்மா, அங்கே கேட்டுக் கேட்டே அத்தனை சங்கீதங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தார். என் விசுவாசம் அந்தப் பாயிலிருந்து வந்தது.

"அம்மணி, இது அந்நிய வழிபாட்டுப் பொருளுங்க" என்றார் அண்ணன். "இதை வெளியே போட்டுருங்க. கோயிலுக்குப் போற அந்தப் பக்கத்து ஊட்டு அம்மாவையும் உள்ள விடாதீங்க. அப்புறம் பாருங்க, கர்த்தர் எறங்கி வருவாரு."

அந்த அம்மா எங்கள் சரோஜா அக்கா. தெலுங்கு பேசுகிற குடும்பம். என் பிள்ளைகள் அந்த நேரம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டும் இல்லை, பயமும்தான். இவர் சொல்வது உண்மையாக இருந்து, என் பிடிவாதத்தால் என் வீட்டுக்காரர் போய்விட்டால்?

ஆனாலும் வாய் பேசிவிட்டது. "அண்ணா, நம்ம கல்யாணத்துல கோட்டு போடறோம், கேக் வெட்டறோம். அதெல்லாம் வேதத்துல எங்கீங்க இருக்குது? வெள்ளைக்காரங்க பழக்கம்னா சபைக்குள்ள வரலாம், எங்க பெரியவங்க பழக்கம் மட்டும் ஆகாதுங்களா? விளக்கை எடுக்க மாட்டேனுங்க. அக்காவையும் வராதீங்கன்னு சொல்ல மாட்டேனுங்க. ஜெபிக்கறதுன்னா ஜெபிங்க."

ஜெபிக்காமலே எழுந்து போனார்கள்.

விளக்கை ஏற்றினேன். முழங்காலில் நின்றேன். "இயேசுவே, உம்மை விட்டால் எனக்கு யாருமில்லை. இது உமக்குப் பிடிக்கவில்லையென்றால் என்னிடம் சொல்லும். அந்தக் கோபத்தை அவர்மேல் காட்டாதேயும்" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் சரோஜா அக்கா இட்லியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஏங்கண்ணு, மாரியம்மன் கோயில்ல வேண்டிக்கிட்டு வாரேன். திருநீறு கொண்டாந்திருக்கேன். தம்பிக்குப் பூசலாமா?"

"அக்கா, நீங்க வேண்டிக்கிட்டதே பெரிசுங்க. பூசறது எங்களுக்கு வழக்கமில்லீங்க. நான் இயேசு பேர்லதான் கேக்கறேனுங்க."

அவர் முகம் வாடவில்லை. பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அதுக்கென்ன கண்ணு, நீ உன்ற சாமிகிட்டக் கேளு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

நான் வாய்விட்டு ஜெபித்தேன். அவர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அன்று அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. நானும் மாறவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவும் மாட்டேன். என் இரட்சகர் இயேசு ஒருவரே. அதைச் சொல்ல அக்காவை நான் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நர்ஸ் ஓடிவந்தார். "அக்கா, சிறுநீர் எறங்குதுங்க! டாக்டரே சிரிக்கிறாருங்க!" ஆஸ்பத்திரி வராந்தாவில் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். மூத்திரம் போனதற்கா ஸ்தோத்திரம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அது எனக்குக் கிடைத்த அற்புதம். இன்று அவர் மறுபடி பட்டறைக்குப் போகிறார்.

சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கேட்டபோது, "விளக்கையும் அந்தம்மாவையும் விட்டுப்போட்டுச் சொல்லுங்க" என்றார்கள். கர்த்தர் செய்ததில் பாதியை நான் ஏன் மறைக்க வேண்டும்? சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும். முன்பெல்லாம் சபையில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவேன். இப்போது ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை சரோஜா அக்காவின் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன். "நீ வந்து ஜெபம் பண்ணு கண்ணு" என்று அக்காவே கேட்டிருக்கிறார். அவர் தன் வழக்கப்படி வேண்டிக்கொள்வார். நான் இயேசுவின் நாமத்தில் கேட்பேன். பயப்படாமல் அவரை நம்பிப் பாருங்கள். அடுத்தவர் கும்பிடுவதைப் பார்த்து ஓடிப்போகிற தேவன் அல்ல அவர். என்னோடு வர மனமுள்ளவர்கள் அன்று காலை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். சேர்ந்து போவோம்.