தணல் மிதித்த ஸ்டாப்பர்

தாமுவே சந்தைக்குப் பின்னால் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் கார்த்திகேசனுக்கு வயது அறுபத்திரண்டு. ரங்கூனில் படித்து, ரங்கூனிலேயே நரைத்த அந்த மனிதர் மொய்ங்கா சாப்பிடமாட்டார் என்றால் யாரும் நம்புவதில்லை. ஊரே காலையில் மீன் குழம்பு ஊற்றிய அந்தச் சேவையில்தான் கண் விழிக்கிறது. கருவாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவர், மொய்ங்கா கிண்ணத்தைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாற்பது வருஷமாக அப்படித்தான். காரணம் ஒரு கால்பந்தாட்டம்.

எண்பத்தைந்தில் அவர் கல்லூரி அணியின் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையும் ஆளையும் மறிக்கிற இடம். கோல் அடித்தவன் பெயரை ஊர் சொல்லும். அடிக்கவிடாதவன் பெயரைச் சொல்லாது. கார்த்திகேசன் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அவருக்குப் பின்னால் கோலில் நின்றவர் ஜேம்ஸ், கல்லூரி அலுவலகத்தில் டைப் அடித்த மரியஜோசப்பின் மகன். இருவரும் மைதானத்தில் தமிழிலேயே கத்திக்கொள்வார்கள்.

“எடப்பக்கம் விடாதடா, ஒல்லிப்பய வரான்.”

அது ஒல்லிப்பயலுக்கே புரியாது. எதிரணியினர் நடுவரிடம் முறையிட்டார்கள். அவர் யோசித்துப் பார்த்தார்; எந்த விதியில் இதைத் தடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

மழைக்காலச் சேறு, கணுக்கால் வரை உள்வாங்கும் மைதானம், ஆட்டம் முடிந்ததும் லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, படகேறி, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரிலிருந்த வீட்டுக்குத் திரும்பிய மாலைகள். அப்போது பாலம் கிடையாது. இன்றும் அந்தப் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் கார்த்திகேசன் கீழே தண்ணீரைத்தான் பார்ப்பார்.

அந்த வருஷம் இறுதியாட்டத்தைப் பார்த்து, வெளிநாடு போகும் மாணவர் அணிக்குப் பதினெட்டுப் பேரை எடுப்பதாக அறிவித்தார்கள். அம்மா நீலாம்பாள் உடனே தீமிதிக்கு வேண்டிக்கொண்டார்.

“காரியம் முடிஞ்சப்புறம் யாரும் மிதிப்பாங்க. நீ முன்னாடியே மிதிச்சிடுய்யா.”

காலை நம்பி ஆடுகிறவன், ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தணலில் இறங்குவது என்ன புத்தி என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கார்த்திகேசன் காப்புக் கட்டி விரதம் இருந்தார். ஐந்தாம் நாள் பயிற்சி முடிந்து கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, ஜேம்ஸ் ஒரு மொய்ங்கா கிண்ணத்தை முன்னால் தள்ளினார். கார்த்திகேசன் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

தணலில் இறங்கியபோது வலது பாதத்தில் கொப்புளம் எழும்பியது. அவர் மீன் தின்றதை அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அழுதார். தணல் சுடும், தோல் கொப்புளிக்கும். அதற்கு மீன் என்ன செய்யும், கத்தரிக்காய் என்ன செய்யும்? ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தாயின் கண்ணீரைத்தான் நம்பினான்.

பூட்ஸுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடினார். எழுபது நிமிஷம் அவரைத் தாண்டி ஒருவனும் போகவில்லை. பிறகு சட்டென்று திரும்பியபோது கொப்புளம் உடைந்தது. அரை எட்டு பிந்தினார். கோல். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் கார்த்திகேசனும் இல்லை, ஜேம்ஸும் இல்லை.

மகன் செய்த பிழைக்காக நீலாம்பாள் அதன்பின் பதினான்கு வருஷம் தீமிதித்தார். கடைசி முறை மிதித்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. மாணவர் போராட்டங்களில் கல்லூரிகள் மூடின, திறந்தன. கார்த்திகேசன் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், கடை வைத்தார். மனைவி புஷ்பலதா கேலி செய்வார்: “மத்தவங்க சாராயத்த வுடுவாங்க. இவரு மொய்ங்காவ வுட்டாரு.”

சென்ற மாதம் மரியஜோசப் தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். அவருடைய தகரப் பெட்டியைக் காலி செய்த ஜேம்ஸ், லான்மடா வீட்டிலிருந்து நேரே தாமுவேக்கு வந்தார். கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, மடித்த ஒரு கார்பன் நகலை மேஜைமேல் விரித்தார். பதினெட்டுப் பெயர்கள். நான்காவது கார்த்திகேசன், முதலாவது ஜேம்ஸ். இரண்டையும் சிவப்புப் பென்சில் அடித்திருந்தது. ஓரத்தில் பர்மியக் கையெழுத்தில் ஒரு வரி: பாட்டன் இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று இல்லை.

“தேதியப் பாருடா,” என்றார் ஜேம்ஸ். “ஆட்டத்துக்கு மறுநாளு. நீ கோல் விட்டப்புறமும் உன் பேரப் போட்டிருக்கான்.”

“நானா விட்டேன்? கோல்ல நின்னது நீ.”

“சரி, நாந்தான் விட்டேன். பேரு போனதுக்கு அது காரணமில்ல.”

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“ரெண்டாவது லிஸ்ட்ட டைப் அடிச்சதே அவருதான். வாயத் தொறந்தா வேல போயிடும்னு பயந்துட்டாரு. நகல மட்டும் கிழிக்கல.”

கார்த்திகேசனின் பாட்டன் இந்த ஊர்த் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை சுமந்தவர். அவர் முதுகில் காய்த்த காய்ப்பைச் சான்றாக எடுத்துக்கொள்ள எந்த அலுவலகத்திலும் இடமில்லை. ஒருவன் ஒரு பென்சில் கோட்டை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். அந்தக் கோட்டுக்காக ஒரு தாய் பதினான்கு முறை நெருப்பில் நடந்தாள், குற்றம் தன் பிள்ளையினுடையது என்று நம்பிக்கொண்டு.

கார்த்திகேசன் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்த ஜேம்ஸ், டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா இருந்திருந்தா காட்டிருப்பேன்,” என்றார் கார்த்திகேசன். “நம்பிருக்க மாட்டாங்க.”

பிறகு கடைக்காரம்மாவிடம் மொய்ங்காப் பானையைச் சுட்டி, ஒரு விரலைக் காட்டினார். அந்த அம்மாள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் விரலை மடக்கவில்லை. கிண்ணம் வந்தது.

“எப்டி இருக்கு?”

கார்த்திகேசன் மென்று விழுங்கினார். கண் கலங்கியிருந்தது, மிளகாய் இன்னும் போட்டிருக்கவில்லை.

“அன்னிக்கு நீ வாங்கிக் குடுத்தது இதவிட நல்லா இருந்துச்சுடா,” என்றார்.